பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறக்க நான்கு சாவிகள்

எத்தனையோ வீடுகளில் பரண் மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர் தூசி படிந்து கிடக்கிறது. மானிட்டரை எப்போதோ பழைய சாமான்காரரிடம் போட்டிருப்பார்கள். சிபியூ பெட்டியை மட்டும் போட மனசு வராது. அதற்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். கல்யாண போட்டோ, கடைக் கணக்கு, காலமாகிவிட்ட பெரியவர் தட்டச்சு செய்து வைத்த குடும்ப வரலாறு என்று ஏதாவது ஒன்று அதில் இருக்கும். "என்றைக்காவது எடுத்துக்கொள்ளலாம்" என்று வைத்திருப்பார்கள்.

அந்த "என்றைக்காவது" வரும்போது எடுக்க முடியுமா?

டிஸ்க் கெட்டுப்போனால்தான் தகவல் போகும் என்று பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் ஹார்ட் டிஸ்க்கின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. டிஸ்க் நன்றாகவே இருக்கும், அதைப் படிக்கத் தெரிந்த மெஷின்தான் உலகத்தை விட்டுப் போயிருக்கும். ஒரு பழைய டிஸ்க்கிலிருந்து ஒரு கோப்பு நம் கண்ணுக்கு வந்து சேர வேண்டுமானால் நான்கு கதவுகள் திறக்க வேண்டும். முதலாவது தட்டு, இரண்டாவது இணைப்பு, மூன்றாவது கோப்பு முறைமை, நான்காவது கோப்பின் வடிவம். இதில் ஒன்று பூட்டியிருந்தாலும் மற்ற மூன்றும் திறந்திருப்பதால் பயனில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் கதவு: தட்டு

உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐபிஎம் நிறுவனம் 1956-ஆம் ஆண்டு வெளியிட்டது. ராமாக் என்ற கம்ப்யூட்டரோடு வந்த அதன் பெயர் ஐபிஎம் 350. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. எடை ஒரு டன்னுக்கு மேல். இத்தனை பெரிய பீரோவுக்குள் அடங்கியது வெறும் 50 லட்சம் எழுத்துகள்தான். இன்றைக்கு செல்போனில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது போதாமல் போகலாம்.

அளவு எவ்வளவோ மாறினாலும் அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சு பூசிய தட்டு சுற்றும். அதற்கு மிக நெருக்கமாக ஒரு தலைப்பகுதி, அதாவது ஹெட், நகர்ந்து தட்டின் சிறு சிறு இடங்களைக் காந்தமாக்கும். அந்தக் காந்தத் திசைகள்தான் தகவல். மின்சாரத்தை நிறுத்தினாலும் காந்தம் அப்படியே இருக்கும்.

எவ்வளவு காலம் இருக்கும்? இதற்கு ராமாக்கே பதில் சொல்லியிருக்கிறது. 2002-இல் அமெரிக்காவின் சான்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் ஒரு பழைய ராமாக் டிஸ்க்கைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியது. பிறகு அந்த வேலை மவுன்டன் வியூவில் உள்ள கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்துக்கு மாறியது. அந்தத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். புதிய மின்னணுச் சுற்றுகளை இணைத்துப் பார்த்தபோது, அரை நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்டவை தட்டுகளில் இன்னும் படிக்கக் கிடைத்தன.

ராமாக்காவது அறைக்குள் பத்திரமாக இருந்தது. வானத்திலிருந்து விழுந்த ஒரு டிஸ்க்கின் கதை இன்னும் ஆச்சரியமானது.

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும் வழியில் டெக்சாஸ் வானில் சிதறியது. இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு விண்வெளி வீரர்களும் இறந்தனர். அந்தப் பயணத்தில் அவர்கள் நடத்திய ஆராய்ச்சிகளில் ஒன்று செனான் என்ற வாயுவைப் பற்றியது. சுமார் 16.6 டிகிரி செல்சியஸில், குறிப்பிட்ட அழுத்தத்தில், செனான் திரவமா வாயுவா என்று சொல்ல முடியாத ஒரு நிலைக்கு வரும். அந்த நிலையில் அதைக் கலக்கினால் அதன் பிசுபிசுப்பு குறைகிறதா என்று பார்க்க வேண்டும். பூமியில் இதைச் சரியாகச் செய்ய முடியாது. செனானின் சொந்த எடையே அதன் அடிப்பகுதியை அழுத்திக் கெடுத்துவிடும். எடையில்லாத இடம் வேண்டும், அதனால்தான் விண்வெளிக்குக் கொண்டு போனார்கள்.

அளவீடுகளில் ஒரு பகுதி பயணத்தின்போதே ரேடியோ மூலம் பூமிக்கு வந்து சேர்ந்தது. மீதி கலத்தில் இருந்த ஒரு சீகேட் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. சுமார் 400 மெகாபைட் கொள்ளளவு. விபத்துக்கு ஆறு மாதங்களுக்குப் பிறகு ஒரு வறண்ட ஏரிப் படுகையில் அது கண்டெடுக்கப்பட்டது. பார்த்தால் டிஸ்க் என்றே சொல்ல முடியாதபடி உருகிய உலோகக் கட்டியாக இருந்தது.

மின்னசோட்டாவில் உள்ள குரோல் ஆன்ட்ராக் என்ற தகவல் மீட்பு நிறுவனத்துக்கு அது போனது. ஜான் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளர் பிரித்துப் பார்த்தார். மின்சுற்றுகள் கருகியிருந்தன. மூடியின் ரப்பர் உருகி உள்ளே மண் புகுந்திருந்தது. ஆனால் தட்டுகள் வளையவில்லை. சேதமடைந்த பகுதியும் நல்லவேளையாகத் தகவல் எழுதப்படாத பகுதியாக இருந்தது. டிஸ்க் பாதிதான் நிரம்பியிருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் ஓடியது பழைய டாஸ் இயங்குதளத்தில். டாஸ் தகவலைத் தட்டு முழுவதும் சிதற விடாமல் ஒரே பக்கமாக எழுதிக்கொண்டு போகும். அதுவும் கை கொடுத்தது. தட்டுகளை ரசாயனக் கரைசலில் கழுவி, வேறொரு டிரைவில் பொருத்திப் படித்தார்கள். 99 சதவீதம் கிடைத்தது. அதே விபத்தில் கிடைத்த வேறு இரண்டு டிஸ்க்குகளிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை.

ராபர்ட் பெர்க் தலைமையிலான ஆய்வுக் குழு அந்தத் தகவலை வைத்து 2008-இல் ஃபிசிக்கல் ரெவ்யூ ஈ என்ற ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டது. கலக்கினால் செனானின் பிசுபிசுப்பு குறையத்தான் செய்கிறது என்பது முடிவு. உயிரோடு திரும்பாத ஏழு பேரின் உழைப்பில் ஒரு பகுதி இப்படி அறிவியலுக்குக் கிடைத்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? நெருப்பிலும் மண்ணிலும் கிடந்த தட்டே பேசும்போது, பரண் மேல் கிடக்கும் தட்டு பேச மறுப்பது அரிது. 1980-களின் கடைசியில் வந்த சில டிஸ்க்குகளில், பல வருடம் ஓடாமல் கிடந்தால் ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டு மோட்டார் சுற்றாது. இதுபோன்ற சிக்கல்கள் உண்டுதான். ஆனால் நிறைய டிஸ்க்குகள் சுற்றும். சிக்கல் அதற்கு அடுத்த கதவில் ஆரம்பிக்கிறது.

இரண்டாம் கதவு: இணைப்பு

1980-இல் ஷுகார்ட் டெக்னாலஜி என்ற நிறுவனம் எஸ்டி-506 என்ற டிஸ்க்கை வெளியிட்டது. இதுதான் பின்னால் சீகேட் என்று பெயர் மாறிய நிறுவனம். 5.25 அங்குல அளவு, 5 மெகாபைட் கொள்ளளவு. மேஜைக் கம்ப்யூட்டருக்குள் அடங்கிய ஹார்ட் டிஸ்க் பரம்பரை இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1983-இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியில் 10 மெகாபைட் டிஸ்க் இருந்தது.

அந்தக் கால டிஸ்க்குக்குச் சொந்த மூளை கிடையாது. கட்டுப்படுத்தும் சுற்று தனி அட்டையாகக் கம்ப்யூட்டருக்குள் செருகப்பட்டிருக்கும். 34 கம்பி கொண்ட ஒரு பட்டை வயரும், 20 கம்பி கொண்ட இன்னொரு பட்டை வயரும் டிஸ்க்குக்குப் போகும். தட்டில் எப்படி எழுத வேண்டும் என்று முடிவு செய்வது அந்த அட்டைதான். ஆகவே ஒரு கம்பெனி அட்டையில் எழுதியதை இன்னொரு கம்பெனி அட்டை படிக்கும் என்று உறுதியில்லை. டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்து வைத்து, அட்டையைத் தூக்கிப் போட்டவர்கள் பூட்டை வைத்துக்கொண்டு சாவியை எறிந்தவர்கள்தான்.

1984-இல் வந்த ஐபிஎம் ஏடி கம்ப்யூட்டரில் இன்னொரு வேடிக்கை உண்டு. டிஸ்க்கில் எத்தனை தடம், எத்தனை ஹெட் என்ற விவரம் கம்ப்யூட்டரின் நினைவில் ஒரு சின்ன பேட்டரியின் தயவில் இருக்கும். பல வருடம் கழித்துப் போட்டால் பேட்டரி செத்திருக்கும். டிஸ்க் நன்றாக இருக்கும், ஆனால் டிஸ்க் இருப்பதே மெஷினுக்குத் தெரியாது! டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து அந்த எண்களைத் திரும்பக் கொடுத்தால் உயிர் வரும். லேபிள் கிழிந்திருந்தால் கஷ்டம்தான்.

1986-இல் காம்பேக் கம்ப்யூட்டர்களில் ஐடிஇ முறை வந்தது. கட்டுப்படுத்தும் சுற்றை டிஸ்க்கின் முதுகிலேயே வைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டருக்கும் அதற்கும் நடுவே 40 கம்பி கொண்ட ஒரே ஒரு பட்டை வயர். இது பெரிய முன்னேற்றம். மூளையும் தட்டும் ஒரே பெட்டியில் இருப்பதால், எந்தக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு போனாலும் டிஸ்க் தன்னைத்தானே படித்துச் சொல்லும். 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் நம் ஊரில் அசெம்பிள் செய்து விற்ற கம்ப்யூட்டர்களில் இருந்ததெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான்.

2003-இல் சாட்டா டிஸ்க்குகள் கடைக்கு வந்தன. மெல்லிய வயர், கூடுதல் வேகம். 2006-இல் இன்டெல் தன் புதிய சிப்செட்டில் ஐடிஇ ஆதரவையே நீக்கியது. மதர்போர்டு தயாரிப்பாளர்கள் சில வருடம் தனி சிப் வைத்துச் சமாளித்தார்கள். பிறகு அந்த 40 கம்பி சாக்கெட் மதர்போர்டிலிருந்தே மறைந்துபோனது.

இன்றைக்கு இதற்குத் தீர்வாகக் கிடைப்பது யுஎஸ்பி மாற்றி. ஒரு முனையில் பழைய ஐடிஇ, மறுமுனையில் யுஎஸ்பி. மேஜைக் கம்ப்யூட்டர் டிஸ்க் என்றால் 12 வோல்ட் மின்சாரமும் வேண்டும் என்பதால் தனி அடாப்டரோடு வருவதைத்தான் வாங்க வேண்டும். டிஸ்க்கின் பின்னால் ஜம்பர் என்ற சின்ன பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். அதை மாஸ்டர் என்ற இடத்தில் வைத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

பெரும்பாலும் என்றுதான் சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கம் வரை வந்த ஐடிஇ டிஸ்க்குகளில் பல, "இத்தனாவது தடம், இத்தனாவது ஹெட், இத்தனாவது துண்டு" என்று முகவரி கேட்டால்தான் பதில் சொல்லும். பிறகு வந்தவை வரிசை எண் சொன்னாலே போதும் என்று மாறிவிட்டன. யுஎஸ்பி மாற்றிகள் பலவற்றுக்கு இந்த வரிசை எண் பாஷை மட்டும்தான் தெரியும். பழைய டிஸ்க் சுற்றும், விளக்கு எரியும், ஆனால் திரையில் ஒன்றும் வராது. டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். உண்மையில் இரண்டுக்கும் பாஷை புரியவில்லை, அவ்வளவே. இதற்கு மருந்து, ஐடிஇ சாக்கெட்டும் யுஎஸ்பியும் இரண்டுமே உள்ள 2000-களின் ஒரு நடுவயதுக் கம்ப்யூட்டர். தாத்தா பேசுவது பேரனுக்குப் புரியாவிட்டால் அப்பாவை நடுவில் உட்கார வைக்க வேண்டியதுதான்.

மூன்றாம் கதவு: கோப்பு முறைமை

சரி, டிஸ்க் தெரிகிறது. ஆனால் டிஸ்க் என்பது எண்ணற்ற சிறு துண்டுகளின் வரிசை. எந்தக் கோப்பு எந்தத் துண்டில் இருக்கிறது என்று சொல்ல ஒரு பேரேடு வேண்டும். அதுதான் கோப்பு முறைமை. டாஸ் காலத்தில் ஃபேட், விண்டோஸ் என்டியில் என்டிஎஃப்எஸ், ஆப்பிள் மேக்கில் எச்எஃப்எஸ் என்று ஆளுக்கு ஒரு பேரேடு.

மேக் டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் இணைத்தால் விண்டோஸுக்கு அந்தப் பேரேட்டைப் படிக்கத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்காது. "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று கேட்கும். "சரி" என்று ஒரு தட்டு தட்டினால் இருபது வருட நினைவுகளின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியது போலாகிவிடும். இருப்பதிலேயே ஆபத்தான கேள்வி இதுதான். இன்னொரு விந்தை, ஆப்பிளின் சொந்தப் பேரேடே இன்று ஆப்பிளுக்குப் புரியாது. 1985-இல் வந்த அசல் எச்எஃப்எஸ் முறையை 2019-இல் வந்த கேட்டலினா பதிப்போடு ஆப்பிள் கைவிட்டது. லினக்ஸ் இன்றைக்கும் அதைப் படிக்கிறது. அதனால்தான் மீட்பு வேலையில் லினக்ஸுக்கு இத்தனை மதிப்பு.

அழித்த கோப்பின் கதையும் இந்தப் பேரேட்டில்தான் இருக்கிறது. டாஸில் ஒரு கோப்பை அழித்தால் கோப்பு அழியாது. பேரேட்டில் அதன் பெயரின் முதல் எழுத்துக்குப் பதிலாக ஒரு குறி வைக்கப்படும், அவ்வளவுதான். அந்த இடம் காலி என்று அதற்குப் பொருள். வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரை பழையது அங்கேயே இருக்கும். இதைக் கவனித்த பீட்டர் நார்ட்டன் என்ற அமெரிக்கர், அழித்ததைத் திரும்பக் கொண்டுவரும் சிறு நிரலை எழுதி 1982-இல் நார்ட்டன் யுடிலிட்டீஸ் என்ற பெயரில் விற்றார். தகவல் மீட்பு என்பது சாதாரண மனிதர்களின் கைக்கு வந்தது அங்கேதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடியில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் இருவரும் 2000 முதல் 2002 வரை 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை செகண்ட் ஹேண்டில் வாங்கினார்கள். அவற்றில் 129 டிஸ்க்குகளைப் படிக்க முடிந்தது. ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே! ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவ விவரங்கள், சொந்தக் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. ஒரு டிஸ்க் இலினாய் மாநிலத்தில் ஏதோ ஒரு ஏடிஎம் மெஷினில் இருந்தது போலத் தெரிந்தது. 2003-இல் இந்த ஆய்வு வெளியானது. தகவலைக் காப்பாற்ற நினைப்பவருக்கு டிஸ்க் திறக்க மறுக்கிறது. அழிந்துவிட்டது என்று நினைத்து விற்றவரின் டிஸ்க்கோ யாருக்கும் திறந்து கொடுக்கிறது. பழைய சாமான் கடைக்குப் போடுமுன் இதையும் யோசிக்க வேண்டும்.

நான்காம் கதவு: கோப்பின் வடிவம்

எழுத்தாளர் சல்மான் ருஷ்டியின் ஆவணங்கள் 2006-இல் அமெரிக்காவின் அட்லான்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்துக்கு வந்தன. வழக்கமான நாட்குறிப்பு, கையெழுத்துப் பிரதிகளோடு நான்கு ஆப்பிள் கம்ப்யூட்டர்களும் இருந்தன. ஒரு மேஜைக் கம்ப்யூட்டர், மூன்று மடிக்கணினிகள். அதில் ஒன்று கோகோ கோலா கொட்டிப் பாழானது. நூலகத்தில் புத்தகத்தைத் துடைத்துப் பைண்டு செய்து பழகியவர்களுக்கு இது புது அனுபவம்.

டிஸ்க்குகளின் முழு நகலை முதலில் எடுத்தார்கள். அதோடு விட்டிருந்தால் பழைய மென்பொருளில் எழுதிய கோப்புகள்தான் மிஞ்சியிருக்கும். அவர்கள் ஒரு படி மேலே போனார்கள். ருஷ்டி பயன்படுத்திய பெர்ஃபார்மா 5400 கம்ப்யூட்டரைப் புதிய மெஷினுக்குள் மென்பொருளாக ஓட வைத்தார்கள். பழைய கம்ப்யூட்டர் போலவே நடந்துகொள்ளும் இப்படிப்பட்ட மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். 2010-இல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டபோது, அவர் பார்த்த அதே திரை, அதே ஃபோல்டர்கள், அதே மென்பொருள் வழியாக வரைவுகளைப் படிக்க முடிந்தது.

வடிவம் என்ற இந்தக் கதவு தமிழர்களுக்கு இன்னும் கொஞ்சம் கனமானது. தமிழ் 1991-இலேயே யூனிகோடில் இடம் பெற்றுவிட்டது. ஆனால் விண்டோஸில் அது ஒழுங்காக வந்தது விண்டோஸ் 2000-இல்தான். அதற்கு முன்பும், அதற்குப் பிறகு பல வருடங்களும், தமிழ் எழுதியவர்கள் பயன்படுத்தியது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துருக்களை. கம்பெனிக்கு ஒரு முறை. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினி பரவலாக இருந்தது. ஆர்வலர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கிய திஸ்கி ஒரு பக்கம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் இரண்டும் இன்னொரு பக்கம். 2010-இல்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது.

இதன் விளைவு என்ன? பழைய டிஸ்க்கிலிருந்து வேர்ட் கோப்பை வெற்றிகரமாக எடுத்துத் திறந்தால் திரையில் தமிழ் இருக்காது. பாமினியில் எழுதிய "தமிழ்" என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். விவரம் தெரியாதவர் கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடுவார். ஒரு பைட் கூடக் கெடவில்லை என்பதுதான் சோகம். சுரதாவின் பொங்குதமிழ், நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இதற்காகவே வந்தவை. ஆனால் எந்த எழுத்துருவில் எழுதியது என்று முதலில் தெரிய வேண்டும். எனவே பழைய விண்டோஸ் டிஸ்க்கிலிருந்து எடுக்கும்போது கோப்புகளோடு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

நேரத்தோடு விழித்துக்கொண்டவர்களும் உண்டு. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பில் மின்னூலாக்கியது. தொடக்கத்தில் தனி எழுத்துரு, பிறகு திஸ்கி, பிறகு யூனிகோடு என்று காலம் மாற மாறத் தன் நூல்களையும் மாற்றிக்கொண்டே வந்தது. அதனால்தான் அன்று தட்டச்சு செய்தது இன்று செல்போனிலும் வாசிக்கக் கிடைக்கிறது. ஓலைச்சுவடிக் காலத்தில் பழைய ஏடு நைந்துபோகும் முன் புது ஏட்டில் பெயர்த்து எழுதி வைத்தார்களே, அதே வேலைதான் இது.

கணக்குப் புத்தகமும் சட்டமும்

இது எழுத்தாளர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் மட்டுமான கவலை இல்லை. இந்தியாவில் 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், ஒரு கம்பெனி தன் கணக்குப் புத்தகங்களைக் குறைந்தது எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. மின்னணு வடிவில் வைத்திருந்தால், அவை பின்னாளில் எடுத்துப் பார்க்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று 2014-இல் வந்த விதிகள் சொல்கின்றன. "வைத்திருப்பது" வேறு, "எடுத்துப் பார்க்கும் நிலையில் இருப்பது" வேறு என்பதைச் சட்டமே உணர்ந்திருக்கிறது.

எத்தனையோ கடைகளில் பழைய டாலி கணக்கு பழைய கம்ப்யூட்டரோடு மூலையில் கிடக்கும். டாலி 7.2-இல் எழுதிய கணக்கு, 2009-இல் வந்த டாலி ஈஆர்பி 9-இல் நேராகத் திறக்காது. மாற்றிக் கொடுக்கும் தனிக் கருவி வேண்டும். தோல் அட்டை போட்ட சிவப்புப் பேரேட்டை ஐம்பது வருடம் கழித்துப் புரட்டினாலும் படிக்கலாம். ஹார்ட் டிஸ்க் பேரேட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. பாகப் பிரிவினை, பங்குதாரர் தகராறு, வரி நோட்டீஸ் என்று வரும் நாளில்தான் இந்த வித்தியாசம் உறைக்கும்.

எடுக்கும் முறை

இத்தனை வருட அனுபவத்தில் மீட்பு வேலை செய்பவர்கள் கண்டுகொண்ட ஒழுங்கு ஒன்று உண்டு. பழைய டிஸ்க்கைப் போட்டு அதிலிருந்தே விண்டோஸை இயக்கக் கூடாது. இயக்கினால் அது தானாகவே எதையாவது எழுதும், அழிந்த கோப்புகளின் மேலேயே எழுதும். புதிய மெஷினில் இரண்டாவது டிஸ்க்காக, முடிந்தால் எழுத விடாமல் படிக்க மட்டும் செய்யும் முறையில் இணைக்க வேண்டும்.

அடுத்து, கோப்புகளைத் தேடித் தேடிப் பார்க்காமல் முதலில் டிஸ்க் முழுவதையும் ஒரே பெரிய கோப்பாக நகல் எடுக்க வேண்டும். குனூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதற்குப் பெயர் போனது. அது நல்ல பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு எத்தனை மணி நேரம் ஆயுள் என்று தெரியாது. கஷ்டமான இடத்தில் முதலிலேயே முட்டிக்கொண்டு நின்றால் சுலபமாகக் கிடைக்கக்கூடியதும் போய்விடும். நகல் எடுத்த பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, நகலில் எத்தனை பரிசோதனை வேண்டுமானாலும் செய்யலாம். பேரேடே அழிந்திருந்தால் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவிகள் உதவும். டிஸ்க்கிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்தி, அந்தத் தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. வீட்டில் மூடியைத் திறந்தால் தூசியே அதற்கு எமன்.

ஐந்தாவது பூட்டு

பழைய டிஸ்க்குகளின் காலம் முடிந்தால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இன்றைய மடிக்கணினிகளில் தட்டே கிடையாது, எஸ்எஸ்டி சிப்தான். அழித்த கோப்பின் இடத்தை அது பின்னணியில் தானாகவே துடைத்துவிடும். பீட்டர் நார்ட்டனின் வித்தை பெரும்பாலும் அங்கே செல்லாது. பல வருடம் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் சிப்பில் உள்ள மின்னேற்றமும் மெல்லக் கசியும்.

அதைவிடப் பெரியது மறையாக்கம். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. திருடனுக்கு எதிராக நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணக்கின் சொந்தக்காரர் இறந்துவிட்டு, மீட்புச் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாவிட்டால் வீட்டாருக்கும் அதே கதிதான். தட்டு, இணைப்பு, கோப்பு முறைமை, வடிவம் என நான்கு கதவும் திறந்திருந்தாலும் உள்ளே இருப்பது அர்த்தமில்லாத எண்களாகவே இருக்கும். கருகிய கொலம்பியா டிஸ்க்கைத் திறக்க முடிந்தது. சாவி தொலைந்த புத்தம்புது டிஸ்க்கை எந்தப் பொறியாளராலும் திறக்க முடியாது.

ஆகவே வைத்திருக்க வேண்டியதை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது புது டிஸ்க்குக்கும், அன்றைக்குப் புழக்கத்தில் உள்ள வடிவத்துக்கும் மாற்றி வைக்க வேண்டும். மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, பீரோவில் பத்திரங்களோடு வைக்க வேண்டும். பரண் மேல் இருக்கும் பெட்டியை இறக்கிப் பார்ப்பதாக இருந்தால் அதை இந்த வருடமே செய்வது நல்லது. அதைத் திறக்கத் தேவையான நடுவயதுக் கம்ப்யூட்டர்களும் ஒன்றொன்றாகப் பழைய சாமான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.